சாக்ஸபோன் யாருடைய யோசனை?

ரஷ்ய இசையமைப்பாளர் முஸோர்க்ஸ்கியின் ஓவிய நண்பர் விக்தர் ஹார்ட்மன் 1873-இல் இறந்துபோனார். மறு ஆண்டு நடந்த அவருடைய படக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த முஸோர்க்ஸ்கி, 'கண்காட்சியில் சில ஓவியங்கள்' என்ற தொகுப்பைத் தனிப் பியானோவுக்கு எழுதினார். இன்று நாம் அதிகம் கேட்பது அதன் ஆர்க்கெஸ்ட்ரா வடிவத்தை. அது 1922-இல் நடத்துநர் கூஸெவிட்ஸ்கி கேட்டதற்காகப் பிரான்சின் மோரிஸ் ரவேல் எழுதிக்கொடுத்தது.

ரவேல் செய்த வேலைக்கு ஆர்க்கெஸ்ட்ரேஷன் என்று பெயர். மெட்டு அவருடையதல்ல. ஆனால் பத்து விரலுக்குள் இருந்ததைப் பெரிய வாத்தியக் கூட்டத்துக்குப் பங்கு பிரிக்க வேண்டும். பியானோவில் கட்டையைத் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். ஊதும் வாத்தியத்தில் மூச்சு உள்ளவரை நிற்கும், பெருகவும் செய்யும். 'பழைய கோட்டை' பகுதியின் ஏக்கமான மெட்டை ரவேல் ஆல்டோ சாக்ஸபோனிடம் கொடுத்தார். ஆர்க்கெஸ்ட்ராவில் அபூர்வமாகத் தலைகாட்டும் வாத்தியம் அது. அந்தக் குரலை நீக்கிவிட்டு அந்தக் கோட்டையை என்னால் நினைக்கவே முடியவில்லை. நிகழ்ச்சி நிரலில் 'முஸோர்க்ஸ்கி–ரவேல்' என்று போடுவது நியாயம்தான்.

அரேஞ்சர் இன்னும் ஒரு படி உரிமை எடுத்துக்கொள்பவர். முன்னிசை, இடையிசை சேர்ப்பார், தாளத்தையே மாற்றுவார். எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற ராக் குழு 1971-இல் வெளியிட்ட வடிவத்தில் பாட்டு வரிகளே சேர்ந்துவிட்டன. நம் சினிமாவில் இந்த வேலை செய்த பலர் டைட்டில் கார்டில் 'உதவி' என்ற ஒரு சொல்லுக்குள் முடங்கிப்போனார்கள். இளையராஜா மாதிரி எல்லா வாத்தியத்துக்கும் தானே நோட்ஸ் எழுதுகிறவர்கள் குறைவு.

முஸோர்க்ஸ்கி–ரவேல் வடிவத்தில் மூன்றாவது கை ஒன்றும் உண்டு. மாட்டுவண்டியைச் சித்தரிக்கும் 'பிட்லோ' பகுதியை முஸோர்க்ஸ்கி எடுத்த எடுப்பிலேயே உரக்கத் தொடங்கியிருந்தார். வண்டி கண்ணெதிரே நிற்கும். அவர் இறந்தபின் 1886-இல் வெளிவந்த பதிப்பைத் திருத்திய ரிம்ஸ்கி-கோர்சகோவ், மெல்லத் தொடங்கி வளரும்படி மாற்றிவிட்டார். ரவேல் கையில் இருந்தது அந்தப் பதிப்பு. அதனால்தான் ஆர்க்கெஸ்ட்ராவில் டியூபா தணிந்த குரலில் தொடங்க, வண்டி தூரத்திலிருந்து வருகிறது.

இரண்டு வடிவங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. பியானோவை முதலில் கேளுங்கள்.