கட்டுமரமும் கடலுலாவும்

தமிழிலிருந்து புறப்பட்டுப் பிறமொழிகளில் குடியேறிய சொற்களுள் 'கட்டுமரம்' ஒன்று. மரங்களைச் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். பெயரே பொருளை விளக்கிவிடுகிறது. வில்லியம் டம்பியர் என்னும் ஆங்கில மாலுமி, சோழமண்டலக் கரையில் வழங்கிய இம்மிதவையைப் பற்றி 1697இல் வெளியான தமது பயண நூலில் எழுதினார். அன்று தொட்டு அச்சொல் மேனாட்டாரின் நாவிலும் பழகிவிட்டது.

ஆயினும், இன்று மேனாட்டார் ஒருவர் அச்சொல்லைக் கூறும்போது அவர் மனக்கண்முன் நிற்பது மீனவனின் மிதவை அன்று. இணையாக மிதக்கும் இரண்டு உடல்களின்மேல் அகன்ற தளம் அமைத்து, பாய் விரித்து, உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்று, செங்குத்துப் பாறைகளையும் கடற்குகைகளையும் ஆறுதலாகக் காட்டிவரும் படகே அது. பெயர் நம்முடையது. கலமோ வேறு. அந்தக் கடலுலாவின் இன்பத்தையோ நம்மில் பெரும்பாலோர் அறியோம்.

கிரானிலும் அதன் அயலிலும் வாழும் நமக்குக் கிழக்கே கடல். மேற்கே ஆறும் வாவியும் வயல்வெளியும். நீர் சூழ்ந்த நிலத்தில் பிறந்தும், நீரின்மேல் ஒருநாளேனும் மகிழ்ச்சிக்காகச் சென்று வந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை? இக்கேள்வியை முன்வைத்தே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

பெயர் மாறிய கதை

நம்முடைய கட்டுமரத்தின் அமைப்பு மிக எளியது. இலேசான மரத்துண்டுகள் சிலவற்றை ஒன்றோடொன்று பொருந்தச் செதுக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். மரங்களின் இடைவெளியால் நீர் மேலே வரும். வந்தவாறே இறங்கிப் போகும். நீர் நிறைந்து மூழ்குதல் என்பது அதற்கு இல்லை. தொழில் முடிந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் கரையில் உலர்த்துவதும் உண்டு. நீர் ஊறிய மரம் கனக்கும். உலர்ந்த மரமே நன்கு மிதக்கும்.

இரட்டை உடல் கொண்ட கலத்தின் பிறப்பிடமோ பசிபிக் மாகடல். அங்குள்ள தீவு மக்கள் இரு ஓடங்களைக் குறுக்குமரங்களால் பிணைத்துப் பாய் கட்டி, விண்மீன்களையே வழிகாட்டியாகக் கொண்டு நெடுந்தூரம் சென்றனர். அவ்வாற்றலை நிரூபிக்க 1975இல் 'ஹொக்குலேயா' என்ற கலத்தை ஹவாய்த் தீவினர் கட்டினர். மறு ஆண்டே அது கருவிகளின் துணையின்றித் தகீட்டித் தீவை அடைந்தது.

அமெரிக்கப் படகுச் சிற்பியான நதானியேல் ஹெரஷோப் 1876இல் 'அமரில்லிஸ்' என்ற இரட்டையுடல் படகைக் கட்டி நியூயோர்க்கில் பந்தயத்தில் ஓட்டினார். அது மற்றப் படகுகளை எளிதில் பின்தள்ளியது. விளைவு என்ன? அத்தகைய படகுகள் பந்தயத்திலிருந்தே விலக்கப்பட்டன! பின்னர் 1947இல் வுடி பிரவுன் என்பவரும் அவருடைய தோழர்களும் ஹவாயில் 'மனு காய்' என்னும் படகைக் கட்டினர். அதில் உல்லாசப் பயணிகளை ஏற்றினர். இன்று பல நாடுகளில் காணும் கடலுலாவுக்கு முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. இவ்வாறு, பசிபிக் தீவினரின் கலத்திற்கு வங்கக் கடலோரத் தமிழரின் சொல் பெயராக அமைந்துவிட்டது.

நம் ஊர்ப் 'பாதை'

இரட்டை மிதவை நமக்கு முற்றிலும் புதியது என்று எண்ண வேண்டாம். மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குகிறோம். ஞாயிறு எழும் கரையும் படும் கரையுமாகிய இவ்விரண்டையும் இணைப்பதற்குப் பாலங்கள் போதாத இடங்களில், மிதவைகளின்மேல் பலகைத் தளம் அமைத்து மனிதரையும் மாட்டையும் வண்டியையும் ஏற்றிக் கடந்தனர். அதற்கு நம்மவர் இட்ட பெயர் 'பாதை'. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஓடிய பாதையை அறியாத மட்டக்களப்பார் இரார். கிரானுக்கு அண்மையிலுள்ள சந்திவெளித் துறையிலிருந்து திகிலிவெட்டைக்குச் செல்வோர்க்கும் நெடுங்காலம் நீர்வழியே வழியாக இருந்தது. மாரி வெள்ளத்தில் கிரான் புலிபாய்ந்தகல் வீதி மூழ்கும் நாட்களில் அப்பால் உள்ள ஊரவர்க்குப் படகே துணை.

இங்கு ஒரு வேறுபாடு உண்டு. ஹவாயில் இரட்டை மிதவை இன்பத்துக்கு. நம்மிடம் அது தேவைக்கு. வேண்டியபோது மட்டும், மனம் பதறியபடி நீரைக் கடக்கிறோம். ஆகவே நீர் நமக்கு இடையூறாகவே தோன்றுகிறது, உறவாகத் தோன்றுவதில்லை.

கல்குடாவில் ஒரு காலை

இக்குறையைச் சிறிதளவேனும் போக்கக் கருதி, சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் நம் குடும்பத்தவருடன் கல்குடாவில் படகேறினோம். கச்சான் காற்று வீசும் காலம் அது. தென்மேற்கிலிருந்து வரும் அக்காற்று தரையைக் கடந்து வருவதால் கரையோரக் கடல் அடங்கியிருக்கும். வாடைக் காற்று வீசும் கார்த்திகை முதல் தை வரையுள்ள மாதங்களில் அதே கடல் சீறி எழும். ஆகவே கிழக்குக் கரையில் உலாச் செல்ல ஏற்ற காலம் சித்திரை முதல் ஆவணி வரையே.

புறப்படுமுன் வீட்டில் சிறு தடை எழுந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைச் சூறையாடியதை நேரில் கண்ட நம் அன்னையார், பேத்தியைக் கடலில் ஏற்ற இசையவில்லை. அந்த அச்சத்தை ஏளனம் செய்தல் தகாது. போர்க்காலம் 2009வரை பல ஆண்டுகள் கடலை நமக்கு அடைத்து வைத்தது. அதற்கிடையே ஆழிப்பேரலை வந்தது. இரண்டும் சேர்ந்து, கடலருகே வளர்ந்தும் கடலறியாத ஒரு தலைமுறையை ஆக்கிவிட்டன. ஈற்றில், மிதவை அங்கி அணிவது, கரை மறையும் தூரம் செல்லாதிருப்பது என்ற இரு நிபந்தனைகளோடு அன்னையார் விடைகொடுத்தார். தாம் கரையில் ஒரு தாழை நிழலில் அமர்ந்துகொண்டார்.

படகோட்டி அறுபது வயதைக் கடந்த மீனவர். சிறிது தூரம் சென்றதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் படகை நீரோட்டத்தில் விட்டார். பாசிக்குடாவின் நீர் கண்ணாடி போன்றிருந்தது. அடியில் பவளப் பாறைகளும் அவற்றினூடே திரிந்த மீன்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பனபோலத் தோன்றின. பன்னிரண்டு வயதான நம் மகள், இறங்கி நிற்கலாமா என்று கேட்டாள்.

"ஏலா மகள். தெளிஞ்ச தண்ணி ஆழத்தக் காட்டாது. இதில நாலு பாகம் இரிக்கு" என்றார் அவர். சொன்னதோடு நில்லாமல், ஈயக்குண்டு கட்டிய நூலை இறக்கி, இரு கைகளையும் விரித்து அளந்தும் காட்டினார். நாலு பாகம் என்பது சுமார் 24 அடி. நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதால், நேராகக் குனிந்து பார்க்கும் கண்ணுக்கு ஆழத்தின் முக்கால் பங்கே தெரியும் என்று பௌதிகம் கற்பிக்கிறது. பள்ளியில் கரும்பலகையில் அவள் கற்கவிருக்கும் பாடத்தை நூலும் ஈயமும் அன்றே கற்பித்துவிட்டன.

மேற்கே நோக்குமாறு அடுத்துச் சொன்னார். தென்னைகளுக்கும் காடுகளுக்கும் அப்பால் தனித்து நின்றது குடும்பிமலை. கிரான் பிரிவிலுள்ள அந்தக் குன்றுக்கு ஆங்கிலேயர் 'பிரபுவின் தொப்பி' என்று பொருள்படும் பெயரிட்டிருந்தனர். மலையின் முடியையும் கரையிலுள்ள ஒரு மரத்தையும் நேர்கோட்டில் வைத்து, அவ்வாறே வேறொரு திசையில் இன்னும் இரு குறிகளைக் கொண்டால், கடலில் தாம் நிற்கும் இடத்தை மீனவர் துணிந்து சொல்லிவிடுவர். நாடோறும் வீதியிலிருந்து பார்த்துப் பழகிய மலைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்பதை, கடலிலிருந்து பார்த்தபோதுதான் அறிந்தோம்.

கடல் குடையும் பாறை

கடற்குகைகளைத் தேடுவோர்க்குக் கல்குடா ஏமாற்றமே தரும். இங்கு மணலும் பவளமுமே மிகுதி. குகை அமைவதற்குக் கடலோடு நேருக்குநேர் பொருதும் பாறை வேண்டும். பாறையிலுள்ள வெடிப்பினுள் அலை புகும்போது உள்ளிருக்கும் காற்று நெருக்குண்டு பின் சட்டென விரியும். அவ்வதிர்ச்சி வெடிப்பை அகலமாக்கும். மணலும் பரலும் அரத்தைப்போல் அராவும். பன்னெடுங்காலம் இவ்வாறு நிகழ, வெடிப்புப் பிளவாகும், பிளவு குகையாகும், குகையின் மறுபுறமும் துளைபட்டால் கடல்வளைவாகும். இத்தாலியின் காப்ரித் தீவிலுள்ள நீலக் குகையும், ஹவாயின் நாபாலிக் கரையிலுள்ள குகைகளும் உலகப் புகழ் பெற்றவை. காப்ரிக் குகையின் வாய் மிகத் தாழ்ந்தது. அதில் நுழையும் பயணிகள் சிறு படகில் படுத்தவாறே செல்ல வேண்டும். நீருக்கடியிலுள்ள திறப்பால் புகும் ஒளியில் நீலநிறமே எஞ்சுவதால் உள்ளே யாவும் நீலமாக ஒளிர்கின்றன.

நம் நாட்டின் தென்கரையில் திக்வெல்லைக்கு அண்மையில், பாறைப் பிளவினூடே கடல்நீர் பீச்சியெழும் 'ஹும்மானய' என்ற ஊதுதுளை உண்டு. நமக்கு அணித்தான காட்சியோ வடக்கே, திருக்கோணமலையில் இருக்கிறது. கோணேசர் கோயில் அமைந்த மலை கடலிலிருந்து சுவர்போல் எழுகிறது. அதன் பெரும்பிளவை 'இராவணன் வெட்டு' என்பர். இராவணன் தன் வாளால் வெட்டியது என்பது கதை. மலைமேல் நின்று அதை எட்டிப் பார்த்தோர் பலர். படகிலிருந்து அண்ணாந்து பார்த்தோர் சிலரே. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற இத்தலத்தின் பழங்கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்தனர். 1956இல் மைக் வில்சன் நீரில் மூழ்கி, மலையடியில் கோயிலின் கற்சிதைவுகளைக் கண்டார். அவருடைய தோழர் ஆர்தர் சி. கிளார்க் அச்செய்தியை உலகறிய எழுதினார். அம்மலையின் கீழ்ப் படகில் செல்வோர், அழகிய பாறையை மட்டுமன்றித் தம் வரலாற்றின் ஒரு பகுதியையும் கடந்து செல்கின்றனர்.

அச்சமும் அறிவும்

கடலுலா எளிது என்று கூறி எவரையும் அசட்டைக்கு உள்ளாக்க விரும்புகிலோம். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறார் உட்படப் பலர் உயிர் நீத்தனர். பாலம் கட்டப்படும் காலத்தில் மாற்றுவழியாக ஓடிய பாதை அது. கல்வி கற்கச் சென்ற குழந்தைகள், கரைக்கு எட்டிய தூரத்தில் மாண்டனர். இதைக் கேட்டு, நீருக்கே செல்லாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது இயல்பு. ஆனால் நம் மாவட்டத்தில் நீரைக் கடவாமல் வாழ இயலாதே! விலக்குவது வழியாகாது, பழக்குவதே வழி.

நீந்தக் கற்பித்தல் முதற்கடமை. பாசிக்குடாவின் உட்பகுதியில் நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாது; கற்பதற்கு அதைவிட நல்ல இடம் அரிது. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டு, ஒருவர் கூடினாலும் இறங்கிவிடும் துணிவு பெற்றோர்க்கு வேண்டும். மிதவை அங்கியைப் பெரியோரும் அணிய வேண்டும். தந்தை அணியாததைப் பிள்ளை அணியாது. பவளத்தின்மேல் நங்கூரம் இடுவதற்கோ, அதை ஒடித்தெடுப்பதற்கோ இடங்கொடாதீர்கள். வடக்கே காயங்கேணிப் பவளக் கடல் 2019இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டமை அதன் அருமையை உணர்த்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009க்குப் பின் பாசிக்குடாவில் பெரிய விடுதிகள் எழுந்தன. வெளிநாட்டார் வந்து நம் கடலை அனுபவிக்கின்றனர், வரட்டும். ஆனால் அக்கடலின் ஆழத்தையும் காற்றையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள் நம் மீனவர்கள். அவர்களிடம் படகு அமர்த்திச் சென்றால் கூலி ஊரிலேயே தங்கும். அதனினும் மேலாக, நூலில் எழுதப்படாத ஒரு கல்வி நம் பிள்ளைகளுக்கு வந்து சேரும். கேட்பார் இல்லையெனில் அக்கல்வி அம்முதியவர்களோடே போய்விடும்.

விலையுயர்ந்த இரட்டைப் படகு நமக்கு வேண்டியதில்லை. மீனவர் தோணியும் ஒரு கட்டுச் சோறும் குடிநீரும் போதும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். வரும் கச்சான் காலத்தில் வாசகர்கள் தம் குடும்பத்தோடு ஒருமுறை சென்று வருவார்களாக. பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். விடையைப் படகோட்டியிடம் விட்டுவிடுங்கள்.