வரம்பு தெரியாத வாக்காளர்

2001இல் அமெரிக்காவில் ஒருவர் இறந்தால், அவர் விட்டுச்சென்ற சொத்து 6,75,000 டாலரைத் தாண்டினால்தான் மத்திய அரசின் எஸ்டேட் வரி. கணவனுக்கோ மனைவிக்கோ போகும் சொத்துக்கு விலக்கு உண்டு. நூறு பேர் இறந்தால் ஏறத்தாழ இரண்டு பேரின் சொத்துக்கே வரி விழுந்தது.

அந்த ஆண்டு ஜூனில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம், இந்த வரியைப் படிப்படியாகக் குறைத்து 2010இல் அறவே நீக்கியது. அரசியல் அறிஞர் லாரி பார்ட்டெல்ஸ் ஆராய்ந்த 2002ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் நீக்கத்தை ஆதரித்தனர். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 50,000 டாலருக்குக் கீழே இருந்தவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவுதான். ஒரு காரணம் 2003இல் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில் தெரிந்தது: பெரும்பாலான குடும்பங்கள் இந்த வரியைக் கட்டவேண்டியிருக்கிறது என்று பாதிப்பேர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை வளர்க்க ஆள் இருந்தது. அப்பன் நிலத்தை விற்று வரி கட்டும் விவசாயி மகனைப் பற்றி வரி நீக்கம் கேட்டவர்கள் மேடைதோறும் பேசினார்கள். அப்படி நிலம் இழந்த ஒரு குடும்பத்தைக் காட்டுங்கள் என்று 2001இல் நியூயார்க் டைம்ஸ் கேட்டபோது, பெரிய விவசாயச் சங்கமான ஃபார்ம் பியூரோவால் ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. வால்டன், மார்ஸ் உள்ளிட்ட 18 பெரும் பணக்காரக் குடும்பங்கள் வரி நீக்கத்துக்காகப் பணம் செலவிட்டதை 2006இல் பப்ளிக் சிட்டிசன் அமைப்பின் அறிக்கை விவரித்தது. தங்களுக்கு என்ன மிச்சம் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும்.

விவரம் தெரிந்தால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள் என்றில்லை. புஷ்ஷின் வரிக்குறைப்புகளை விவரம் அறிந்தே ஆதரித்த பழமைவாதிகள் பலர் என்று அரசியல் அறிஞர் ஆர்தர் லூபியா குழுவினர் காட்டினர். அது அவர்கள் உரிமை. தன்மேல் விழாத வரிக்குப் பயந்து வாக்களிப்பதுதான் ஆபத்து. அந்த வரி 2011இல் திரும்பியது. ஆனால் விலக்கு வரம்பு 50 லட்சம் டாலர். 2026இல் அது 1.5 கோடி டாலர்.

இந்தியாவில் 1953இல் வந்த எஸ்டேட் வரி 1985இல் நீக்கப்பட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அந்தப் பேச்சு மீண்டும் எழுந்தபோது, காங்கிரஸின் தேர்தல் அறிக்கையில் அப்படி ஒரு வரியே இல்லை, வரம்பும் இல்லை. ஆனாலும் சொத்து பறிபோகும் என்ற பிரசாரம் பெண்களின் தாலிவரை போனது.

இனி எவர் வரியைக் காட்டிப் பயமுறுத்தினாலும் முதலில் கேளுங்கள்: எவ்வளவு சொத்துக்கு மேல்? எத்தனை குடும்பங்களுக்கு? பெரும் செல்வத்திடம் வாங்காத பணத்தை அரசு வேறெங்காவது ஈடுகட்டியாக வேண்டும்: சோப்பிலும் பிஸ்கட்டிலும் ஜிஎஸ்டியாக, பள்ளிக்கும் மருத்துவமனைக்குமான நிதியில் வெட்டாக, அல்லது நம் பிள்ளைகள் அடைக்கவேண்டிய கடனாக.