இரண்டு பென்ஸ்

"ரூபாய் விழுந்துவிட்டது" என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு நாள், வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து நின்று, "எங்கே ஸார் விழுந்தது?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நாமும் சிரித்து வைத்தோம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. பையன் கேட்டதில் பிசகு என்ன இருக்கிறது? ரூபாய் விழுந்தால் யார் தலையில் விழுகிறது, ஏறினால் யார் தோளின்மேல் ஏறுகிறது என்பது பெரிய பெரிய நிபுணர்களே ஒரு முடிவுக்கு வர முடியாமல் திண்டாடிய விஷயம் அல்லவா?

இந்தக் கேள்விக்காக நமது தேசம் ஒரு காலத்தில் பெரிய சண்டையே போட்டது. சண்டை இரண்டு பென்ஸுக்காக. 1930 ஜனவரியில், உப்பு சத்தியாக்கிரகத்துக்குச் சில வாரங்கள் முன்பு, மகாத்மா காந்தி வைசிராய்க்கு முன் பதினொரு கோரிக்கைகளை வைத்தார். பூரண மதுவிலக்கு, நிலவரிக் குறைப்பு, உப்பு வரி ஒழிப்பு முதலியவற்றை எல்லோரும் அறிவார்கள். அவற்றின் நடுவே, "ரூபாயின் மாற்று விகிதத்தை 1 ஷில்லிங் 4 பென்ஸாகக் குறைக்க வேண்டும்" என்றும் ஒன்று இருந்தது. பட்டியலில் உப்பு வரிக்கு முன்பாகவே அது வருகிறது. கதரும் ராட்டையுமாக வாழ்ந்த மகாத்மாவுக்கு லண்டன் நாணயச் சந்தையின் கணக்கில் என்ன அக்கறை என்று தோன்றலாம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை. பழைய ரூபாய் ஒரு தோலா எடையுள்ள வெள்ளி. வெள்ளிக் கட்டியைச் சர்க்கார் அக்கசாலையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ரூபாயாக அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆகையால் வெள்ளியின் விலைதான் ரூபாயின் விலை. 1870-களில் ஜெர்மனி முதலிய நாடுகள் வெள்ளி நாணயத்தைக் கைவிட்டுத் தங்கத்துக்குப் போயின. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்தோ வெள்ளி மலைமலையாக வந்து குவிந்தது. வெள்ளி சரிந்தது, ரூபாயும் கூடவே சரிந்தது. ஏறக்குறைய 2 ஷில்லிங்காக இருந்த ரூபாய் 1892-ல் 1 ஷில்லிங் 3 பென்ஸுக்கு வந்துவிட்டது.

இதில் அதிகமாகத் தவித்தது இந்தியா சர்க்கார். ஏனெனில் அவர்கள் வரி வாங்கியது ரூபாயில், லண்டனுக்குக் கட்டவேண்டியதோ பவுனில். ஓய்வு பெற்ற வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களின் பென்ஷன், ரயில் கடனுக்கு வட்டி, இந்தியா மந்திரியின் காரியாலயச் செலவு, இவையெல்லாம் சேர்ந்ததற்கு 'ஹோம் சார்ஜ்' என்று பெயர். ரூபாய் விழ விழ, அதே பவுனைக் கட்ட மேலும் மேலும் ரூபாய் வேண்டியிருந்தது. ஆகவே 1893 ஜூன் மாதத்தில் அக்கசாலைகளைப் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடிவிட்டார்கள். புதிய ரூபாய் குறைந்தது; ரூபாய்க்குக் கிராக்கி ஏற்பட்டது; 1898-ல் 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கு ஏறி நின்றது. அதாவது ஒரு பவுனுக்குப் பதினைந்து ரூபாய். பார்க்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏழைக் குடியானவன் வீட்டுத் தண்டையும் காப்பும் என்ன ஆயின? முன்பு ஒரு தோலா வெள்ளி கையில் இருந்தால் அநேகமாக ஒரு ரூபாய் இருந்ததாக அர்த்தம். இப்போது ரூபாய் வேறு, வெள்ளி வேறு. பஞ்சத்துக்கென்று வைத்திருந்த சேமிப்பின் மதிப்பு, ஒரே ஒரு சட்டத்தினால், திருடன் வராமலேயே குறைந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தை நமது வீட்டுப் பெண்மணிகளுக்குச் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கு "எத்தனை சவரன்?" என்று இன்றும் பேசுகிறோமே, அந்தச் சவரன் இங்கிலாந்தின் பொன் நாணயமாகிய 'ஸாவரின்'தான். 1899-ல் அதைப் பதினைந்து ரூபாய்க்கு இந்தியாவிலும் செல்லும் நாணயமாக்கினார்கள். நாணயம் போய்விட்டது, எடை மட்டும் எட்டு கிராமாக நம் தராசில் தங்கிவிட்டது.

முதல் மகாயுத்தத்தில் எல்லாம் தலைகீழாயிற்று. வெள்ளி விலை கிடுகிடுவென்று உயர்ந்தது. ரூபாயை உருக்கி விற்றாலே லாபம் என்ற நிலை. வெள்ளித் தட்டுப்பாட்டினால் 1917-ல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1919 டிசம்பரில் ரூபாய் 2 ஷில்லிங் 4 பென்ஸ் வரை ஏறியது. அப்போது கூடிய ஒரு கமிட்டி, இனிமேல் ரூபாய் 2 ஷில்லிங் என்று நிச்சயித்துவிடலாம் என்றது. கமிட்டியில் இருந்த ஒரே இந்தியர் தாதிபா தலால், "கூடாது, 1 ஷில்லிங் 4 பென்ஸ்தான் சரி" என்று தனியாக எழுதினார். யார் கேட்கிறார்கள்? 1920-ல் சர்க்கார் தம் விகிதத்தைக் காப்பாற்றுவதற்காக லண்டனில் இருந்த நமது இருப்பிலிருந்து 5½ கோடிப் பவுன் அளவுக்கு மலிவாக விற்றார்கள். அப்படியும் ரூபாய் நிற்கவில்லை. அடுத்த வருஷம் 1 ஷில்லிங் 3 பென்ஸுக்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டு ஷில்லிங்கை நம்பிச் சீமைச் சரக்குக்கு ஆர்டர் கொடுத்திருந்த ஜவுளி வியாபாரிகளின் கதி பரிதாபம். சரக்கு துறைமுகத்தில் வந்து இறங்குவதற்குள் அவர்கள் கொடுக்கவேண்டிய ரூபாய் மளமளவென்று பெருகிவிட்டது. பலர் சரக்கை எடுக்கவே மறுத்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு 1926-ல் ஹில்டன் யங் கமிஷன் வந்தது. ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸாக இருக்கவேண்டும் என்று அது சிபார்சு செய்தது. கமிஷனில் இருந்த பம்பாய் வர்த்தகர் சர் புருஷோத்தமதாஸ் தாகுர்தாஸ் ஒருவர் மட்டும் பழைய 1 ஷில்லிங் 4 பென்ஸே வேண்டும் என்று மறுப்பு எழுதினார். 1927-ல் சட்டசபையில் பலத்த விவாதம் நடந்து, மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் சர்க்கார் ஜெயித்தது.

இனி கணக்கு. லிவர்பூலில் 100 பவுனுக்கு விலைபோகும் பஞ்சை ஒரு ஏற்றுமதிக்காரர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய விகிதத்தில் அவருக்கு 1,500 ரூபாய் வரும். புதிய விகிதத்தில் வருவது 1,333 ரூபாய் 5 அணா 4 பைசா. குறைவது 166 ரூபாய் 10 அணா 8 பைசா. கப்பல்காரன் தன் கூலியைக் குறைத்துக்கொள்ள மாட்டான், தரகனும் மாட்டான். கடைசியில் அந்தக் குறைவு கரிசல் காட்டிலே பருத்தி எடுக்கும் குடியானவன் வாங்கும் விலையில்தான் போய் விழும். அவன் கட்டவேண்டிய கிஸ்தி குறைந்ததா? இல்லை. லேவாதேவிக்காரரிடம் எழுதிக் கொடுத்த பிராமிசரி நோட்டிலே தொகை குறைந்ததா? அதுவும் இல்லை. மறுபக்கம், 100 பவுன் விலையுள்ள லங்காஷயர் துணி 1,500 ரூபாய்க்குப் பதில் 1,333 ரூபாய்க்கே இங்கே வந்து இறங்கும். பம்பாய், ஆமதாபாத் மில்காரர்கள் கூக்குரலிட்டதில் வியப்பு இல்லை. ஹோம் சார்ஜ் கட்டும் சர்க்காருக்கு லாபம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பும் துரைமார்களுக்கும் லாபம்.

கமிஷனார் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். "ரூபாய் ஏற்கனவே சுமார் ஒரு வருஷமாக 1 ஷில்லிங் 6 பென்ஸில்தான் நிற்கிறது, விலைவாசியும் கூலியும் அதற்கு ஏற்றபடி அமைந்துவிட்டன, இப்போது இறக்கினால் சாமான் விலை ஏறி, சம்பளக்காரனும் கூலிக்காரனும் அவதிப்படுவார்கள்" என்றார்கள். இது முழுப் பொய்யல்ல. மாதச் சம்பளம் வாங்குகிற நம் போன்றவர்களுக்கு ஏறிய ரூபாய் இனிமையானதுதான். ஆனால் அன்றைய இந்தியாவில் சம்பளக்காரர் எத்தனை பேர், விளைந்ததை விற்றுப் பிழைத்தவர் எத்தனை பேர்?

கெடுதல் அதோடும் நிற்கவில்லை. ஒரு விகிதத்தைச் சட்டத்தில் எழுதிவிட்டால் அது தானே நிற்காது. யாராவது தாங்கிப் பிடிக்கவேண்டும். ரூபாய் தளரும்போதெல்லாம் சர்க்கார் தம்மிடமுள்ள பவுனை விற்று ரூபாயை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். உண்டியல்களை விற்றுப் பாங்குகளிலிருந்த பணத்தையும் உறிஞ்சினார்கள். ஊரிலே பணம் குறைந்தால் வட்டி ஏறும். இம்பீரியல் பாங்கில் வட்டி ஏறினால், அங்கே கடன் வாங்கும் பெரிய ஸாஹுகார் தம் வட்டியை ஏற்றுவார். அவரிடம் வாங்கும் சின்ன லேவாதேவிக்காரர் இன்னும் ஏற்றுவார். இம்பீரியல் பாங்கின் வாசற்படியையே பார்த்திராத கிராமத்தான், அந்தப் பாங்கின் வட்டியைத் தன் களத்துமேட்டில் நின்று கொடுத்தான்.

1929-ல் உலகமெங்கும் விலை வீழ்ச்சி வந்தது. இதை 1-6 விகிதமே கொண்டுவந்தது என்று அன்றைய மேடைகளில் சிலர் பேசியது மிகை. அமெரிக்காவிலும் கோதுமையும் பருத்தியும் சரியத்தான் செய்தன. ஆனால் மற்ற நாடுகள் என்ன செய்தன என்று பாருங்கள். ஆஸ்திரேலியா 1931-ல் தன் பவுனை இங்கிலாந்துப் பவுனுக்குக் கீழே இறக்கிக்கொண்டது. நியூஸீலாந்து 1933-ல் அதே வழியில் சென்றது. ஜப்பான் 1931 டிசம்பரில் தங்கத்தைக் கைவிட, யென் வெகுவாக இறங்கி, ஜப்பான் துணி நமது கடைத்தெருக்களில் வந்து நிறைந்தது. சுயாட்சி உள்ளவர்கள் தங்கள் குடியானவர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் எது நல்லதோ அதைச் செய்துகொண்டார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. 1931 செப்டம்பர் 21-ந் தேதி இங்கிலாந்தே தங்கத்தைக் கைவிட்டது. அன்று இந்தியா சர்க்கார் பவுன் விற்கும் கடமையிலிருந்து தம்மை விடுவித்துக்கொண்டு ஓர் அவசரச் சட்டம் போட்டார்கள். ரூபாய் தன் வழியே போக அது ஒரு சந்தர்ப்பம். ஆனால் அதே தினத்தில் லண்டனில் இந்தியா மந்திரி, ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸிலேயே ஸ்டெர்லிங்கோடு பிணைந்திருக்கும் என்று அறிவித்துவிட்டார். சில தினங்களில் இங்கே போட்ட சட்டம் ரத்தாயிற்று.

பவுன் தங்கத்துக்கு எதிராக இறங்கவே, ரூபாய்க் கணக்கில் தங்கம் ஏறியது. சட்டப்படி தோலா 21 ரூபாய் 3 அணா 10 பைசாவாக இருந்தது சீக்கிரத்தில் முப்பது ரூபாயை ஒட்டிப் போய்விட்டது. நெல் விலையோ ஏறக்குறையப் பாதி. கிஸ்தியும் கடனும் அப்படியே. பிறகு என்ன நடக்கும்? பெட்டியிலிருந்த நகைகள் வெளியே வந்தன. பட்டணத்துத் தட்டார் கடைகள் வழியே பம்பாய்க்குப் போய், அங்கே கட்டிகளாகிக் கப்பலேறின. 1931 முதல் 1939 வரை 300 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தங்கம் இப்படி வெளியேறியது. "ஜனங்கள் நல்ல விலை பார்த்து லாபத்துக்கு விற்கிறார்கள்" என்றது சர்க்கார். ஏற்றுமதியைத் தடுக்கவேண்டும் என்று தேசீயவாதிகள் கதறியதற்குச் செவிசாய்க்கவில்லை. லாபத்துக்கு விற்றவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் எந்தத் தாய் லாபத்துக்காகத் தன் காசுமாலையைக் கழற்றிக் கொடுப்பாள்?

சென்னை மாகாணத்தில் கடன் பாரம் தாங்கமுடியாமல் போய், 1938-ல் ராஜாஜியின் மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களின் பாக்கி வட்டியை அது ஒரேயடியாகத் தள்ளியது. கடன் கொடுத்தவர்கள் இதை அநியாயம் என்றார்கள். ரூபாயின் மதிப்பைக் கொண்டு நடந்த அநியாயத்தை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

கதையில் வேடிக்கை ஒன்று பாக்கி இருக்கிறது. 1935-ல் ரிஸர்வ் பாங்கு ஆரம்பமானபோது அதன் சட்டத்திலும் 1 ஷில்லிங் 6 பென்ஸே புகுந்தது. சுதந்திரம் வந்ததும் நம்மவர்கள் அதை உடனே மாற்றினார்களா? மாற்றவில்லை! 1949 செப்டம்பரில் பவுனின் மதிப்பை டாலருக்கு எதிராகக் குறைத்தபோது ரூபாயையும் அதே அளவு குறைத்தோம். ஆகையால் பவுனுக்கும் ரூபாய்க்கும் உள்ள விகிதம் அப்படியே இருந்தது. 1966 ஜூன் 6-ந் தேதி ஒரு பவுன் 21 ரூபாய் என்று ஆகும்வரை, காங்கிரஸ் எதிர்த்துப் போராடிய அந்தப் பழைய விகிதமே செல்லுபடியாயிற்று. இதைக் கண்டு நகைப்பவர்கள் உண்டு. நாம் நகைக்கமாட்டோம். யுத்த காலத்தில் நமது சாமான்களை வாங்கிக்கொண்டு இங்கிலாந்து நமக்குப் பட்ட கடன் நூறு கோடிப் பவுனுக்கு மேல் லண்டனில் கிடந்தது. இயந்திரங்களும் தானியமும் வெளிநாட்டிலிருந்து வாங்கவேண்டியிருந்தது. விற்கிறவனுக்கு இறங்கிய ரூபாய் வேண்டும். வாங்குகிறவனுக்கு ஏறிய ரூபாய் வேண்டும். முன்பு லண்டன் தன் தேவையைப் பார்த்து நிச்சயித்தது. பிறகு நாமே, சரியோ தப்போ, நமது தேவையைப் பார்த்து நிச்சயித்தோம். 1993 முதல் சந்தை நிச்சயிக்கிறது. ரிஸர்வ் பாங்கு பக்கத்தில் நின்று அவ்வப்போது கை கொடுக்கிறது.

நமது வீட்டுப் பரணில் கொள்ளுப்பாட்டனாரின் பழைய கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. தஞ்சை ஜில்லாவில் சொற்ப நிலம் வைத்துச் சாகுபடி செய்தவர். பையனின் கேள்விக்குப் பதில் தேடிய அன்று இரவு அதை எடுத்துப் புரட்டினோம். 1932-ம் வருஷப் பக்கம் ஒன்றில், "காசுமாலை விற்ற வகையில் வரவு" என்று மணி மணியான எழுத்து. அதற்கு அடுத்த வரியிலேயே, "கிஸ்தி கட்டிய வகையில் பற்று." காசுமாலையைத் திரும்ப வாங்கியதாக ஏதாவது குறிப்பு உண்டா என்று கடைசிப் பக்கம்வரை பார்த்தோம். இல்லை.

மறுநாள் அந்த நோட்டை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனோம்.