இயற்கைக் காட்சியும் வாழ்த்து அட்டையும்

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் இயற்கைப் புகைப்பட நூலும் ஒரே ஆண்டிற் பிறந்தன என்பது வியப்பிற்குரியது. 1843இல் இலண்டன் மாநகரில் ஹென்றி கோல் என்பார், நண்பர் யாவருக்கும் தனித்தனியே கடிதம் வரைய அவகாசம் பெறாராய், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு சித்திரம் எழுதுவித்து, அதனை அச்சிட்டுக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்பினார். மிஞ்சியவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. அவ்வாண்டிலேயே அன்னா அட்கின்ஸ் என்னும் அம்மையார், இரசாயனம் பூசிய தாளின்மேற் கடற்பாசிகளை வைத்து வெயிலிற் காட்டி, நீல நிறத்தினிடையே அவற்றின் உருவம் வெண்மையாய்ப் பதியச் செய்து, நூலாக வெளியிடத் தொடங்கினார். 1903இல் கோடக் கம்பெனியார் வெளியிட்ட 3ஏ என்னும் மடக்குக் காமிராவின் நெகடிவ் தபால் அட்டையின் அளவே உடையது. ஆதலின் படத்தைப் பெரிதாக்கும் பிரயாசையின்றி அட்டையிலேயே நேரே பதித்து அனுப்பச் சாமானியரும் வல்லராயினர்.

இந்நாளில் நம் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியே காமிராவாயிற்று. ஆயினும் எடுத்த படங்களுட் பெரும்பாலன மறுமுறை எவராலும் பார்க்கப்படாமல் அதனுள்ளேயே கிடக்கின்றன. அவற்றுட் சிலவேனும் அட்டையாகி ஒருவர் கைக்குச் சேருமாயின் நன்றன்றோ?

நல்ல படமெல்லாம் நல்ல அட்டையாகா. மலையும் வயலும் தோப்பும் ஊரும் ஒருங்கே அடங்கிய காட்சி சுவரிற் பெரிதாய் மாட்டத் தகும். ஐந்தங்குல அட்டையில் அஃது எறும்புக் கூட்டமாய்த் தோன்றும். தனித்து நிற்கும் பனை, ஏரிக்கரையில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை, நெற்கதிரின் நுனியிலுள்ள பனித்துளி, இவைபோல ஒன்றே பொருளாக அமைவது நலம். அதனைச் சுற்றி வானமோ நீரோ சிறிது வெறுமையாயிருத்தல் வேண்டும். அவ்விடத்திற் பொன்னெழுத்தால் வாழ்த்துரையை நிரப்புவாரும் உளர். எமக்கு அஃது உடன்பாடன்று. உரைக்கு உட்பக்கம் இருக்கின்றது.

பருவமும் நோக்கத்தக்கது. பொங்கல் வாழ்த்திற்கு வேண்டும் படத்தைச் சென்ற ஆண்டின் மார்கழி விடியலிலேயே எடுத்து வைத்தல் நன்று. சித்திரைப் பிறப்பிற்குக் கொன்றை பூத்தவுடன் முந்த வேண்டும். பனிக்கட்டியைக் கண்ணாற் கண்டிராத நாம் கிறிஸ்துமஸுக்குப் பனி மூடிய ஊசியிலை மரங்களை ஒருவருக்கொருவர் அனுப்பி வருகின்றோம். டிசம்பர் மாதத்து நம் ஏரியின்மேற் படியும் மூடுபனிக்கு என்ன குறை?

இனி, செய்முறை. காமிராவின் படம் பெரும்பாலும் 2க்கு 3 என்ற விகிதமும், தொலைபேசியின் படம் 3க்கு 4 என்ற விகிதமும் உடையன. வழக்கமான அட்டையோ 5க்கு 7. ஆகவே ஓரம் வெட்டுப்படுவது உறுதி. எடுக்கும்பொழுதே இடம் விட்டு எடுத்தல் வேண்டும். அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற கணக்கில் 1500க்கு 2100 புள்ளிகள் இருப்பின் அச்சுத் தெளிவாயிருக்கும். பிறர் வாட்ஸப் வழியே அனுப்பிய படம் பெரும்பாலும் சுருங்கி வருமாதலின் மூலப்படத்தையே கேட்டுப் பெறுக. திரை தானே ஒளிர்வது, தாள் அங்ஙனமன்று. ஆதலின் படத்தைச் சற்றே வெளுப்பாக்கி ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பார்த்தபின் எஞ்சியவற்றை அச்சிடுக. மடிப்பிலேதான் பலர் கெடுக்கின்றனர். தாளுக்கும் மரம்போல இழையோட்டம் உண்டு. இருபுறமும் மெல்ல வளைத்துப் பார்த்து, எளிதில் வளையும் வாட்டத்திலேயே மடிக்க வேண்டும். மாறி மடிப்பின் மை வெடித்து வெள்ளைக் கோடு தோன்றும். மடிக்குமுன் அடிக்கோலை வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் ஒரு கோடு அழுத்திக்கொள்க.

கூட்டிலிருக்கும் பறவையைப் படத்திற்காகக் கலைப்பதும், இல்லாத நிலவை வானில் ஒட்டுவதும் ஆகா. களத்தில் நெல் தூற்றுவார் முகம் தெரியப் படமெடுத்தால் அவர்தம் இசைவு பெற்றே அட்டையாக்கல் வேண்டும். அச்சானதும் முதற்பிரதி அவர்க்கே உரியது. பின்புறத்தில் மரத்தின் பெயர், ஊர், மாதம், ஆண்டு ஆகியவற்றைச் சிற்றெழுத்திற் குறித்துவிடுக. ஏரிகள் மனைகளாகி வருகின்றன. எந்த ஏரி என்று பின்னாளிற் கேட்பார் உண்டு.