பொங்கலுக்குப் பாட்டி காலத்துப் பித்தளை: சமைக்கும் முன் உள்ளே பாருங்க!

தருமபுரி பக்கம் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தால், பரணிலிருந்து பித்தளை அண்டா, வெண்கலப் பானை, ஈயச்சொம்பு எல்லாம் இறங்கும். இந்த வருஷம் உறவுக்காரங்களுக்கு அதிலேயே சமைத்துப் போடலாம்னு தோணுதா? நல்ல யோசனைதான். முதலில் உள்பக்கத்தைப் பாருங்க.

என்ன பிரச்சினை?
பித்தளையிலும் வெண்கலத்திலும் பெரும்பங்கு செம்பு. புளி, தயிர், பாலக்கோடு தக்காளி என எந்தப் புளிப்பு பட்டாலும் செம்பு கரைந்து உணவில் இறங்கும். அளவு கூடினால் வாந்தி, வயிற்று வலி வரலாம்.

ஈயம் பூசுவது ஏன்?
இதைத் தடுக்கத்தான். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகும் வெள்ளீயத்தைப் பஞ்சால் உள்ளே தேய்ப்பார்கள். உள்பக்கம் வெள்ளையாக மின்னினால் பூச்சு இருக்கு. மஞ்சள் தெரிந்தால் தேய்ந்துபோச்சு. பூசக் கொடுக்கும்போது 'வெள்ளீயம்தானே?' என்று கேட்டுக்கோங்க. காரீயம் நஞ்சு, கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம்.

எதில் எதைச் சமைக்கலாம்?
பூச்சு உள்ள அண்டாவில் மொச்சைக் குழம்பு வைக்கலாம். புளிப்பில்லாத பொங்கலுக்கு வெண்கலப் பானை. ஈயச்சொம்பில் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றணும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும்; காலிச் சொம்பு கண்முன்னே ஓட்டையாகிடும். வெள்ளீயமா, காரீயமா எனத் தெரியாத சொம்பில் சமைக்கவே வேண்டாம்.

பூச்சு போன பாத்திரம்?
தூக்கிப் போடாதீங்க. புளி போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, சாமந்திப் பூவை மிதக்கவிட்டு வாசல் கோலத்தின் நடுவில் வையுங்க. பண்டிகை முடிந்ததும் ஈயம் பூசக் கொடுத்தால், அடுத்த பொங்கலுக்கு அதிலேயே சமைக்கலாம்.