வாக்காளரின் நிழல்

வாக்காளருக்கு விழிப்பு கூடினால் மக்கள் பிரதிநிதி ஒழுங்காக நடந்துகொள்வார் என்பது ஜனநாயகம் பற்றிய பாடப்புத்தக நம்பிக்கை. 'பாதுகாப்பு' என்ற சொல் சபைக்குள் நுழைந்ததும் இந்தச் சமன்பாடு குலைகிறது. அமெரிக்க செனட்டின் அனுபவம் இதைத் துலக்கமாகக் காட்டுகிறது.

மாக்ஸ் கிளீலண்ட் வியட்நாம் போரில் இரு கால்களையும் வலது கையையும் இழந்தவர். ஜார்ஜியா மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி செனட்டர். 2002இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைவதை அவர் எதிர்க்கவில்லை. அதற்கான மசோதாவை முன்வைத்தவர்களில் அவரும் ஒருவர். தகராறு எல்லாம் புதிய துறை ஊழியர்களின் தொழிற்சங்க, பணி உரிமைகள் பற்றியதுதான். ஆனால் அக்டோபரில், எதிர்த்து நின்ற சாக்ஸ்பி சாம்ப்லிஸின் தொலைக்காட்சி விளம்பரம் பின்லேடன், சதாம் உசேன் படங்களைக் காட்டியது. ஜனாதிபதியின் பாதுகாப்பு முயற்சிகளுக்கு எதிராக கிளீலண்ட் 11 முறை வாக்களித்தார் என்றது. எண்ணிக்கையைச் சொன்னார்கள், காரணத்தைச் சொல்லவில்லை. நவம்பர் 5 தேர்தலில் கிளீலண்ட் தோற்றார். இராக் போருக்கு ஆதரவாக வாக்களித்திருந்ததும் அவரைக் காப்பாற்றவில்லை. வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்த சட்டம், பெருமளவு ஜனாதிபதி விரும்பிய வடிவில், நவம்பர் 19 அன்று அதே செனட்டில் 90-9 என்று நிறைவேறியது.

ஆக, உறுப்பினரை ஆட்டுவிப்பது வாக்காளருக்கு இன்று என்ன தெரியும் என்பதல்ல. நாளை எதிராளி அவருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பான் என்பதே. கவனிக்காத வாக்காளரும், தூண்டிவிட்டால் எழக்கூடிய தன் அபிப்பிராயத்தின் வழியாக அதிகாரம் செலுத்துகிறார். அதிலும் தராசு சமமாக இல்லை. கெடுபிடிச் சட்டத்தை ஆதரித்தவருக்கு அநேகமாகத் தண்டனை கிடையாது. அதில் உரிமை இழப்பவர்கள் பெரும்பாலும் சிறுபான்மையினர், குடியேறிகள். எதிர்த்தவரோ, நாளைக்கு ஒரு குண்டு வெடித்தால் தொலைந்தார். 'எதுக்கு வம்பு, கையைத் தூக்கிட்டுப் போயிடலாம்' என்ற முடிவுக்குத் தனியாகக் கோழைத்தனம் தேவையில்லை.

நாட்காட்டிக்கும் இதில் பங்குண்டு. 1991 ஜனவரியில், தேர்தல் முடிந்த பின், வளைகுடாப் போரை ஆதரித்த ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் 10 பேர். 2002இல், தேர்தலுக்கு 25 நாள் முன், இராக் போரை ஆதரித்தவர்கள் 29 பேர். இடையில் 2001 செப்டம்பர் தாக்குதல் நிகழ்ந்தது வாஸ்தவம். அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

மறுபக்கமும் உண்டு. 2001இல் பேட்ரியாட் சட்டம் செனட்டில் 98-1 என்று நிறைவேறியபோது, அந்த ஒருவர் விஸ்கான்சினின் ரஸ் ஃபைன்கோல்ட். 2004இல் அதையே வைத்து அவரைத் தாக்கினார்கள், ஜெயித்தார். மாநிலத்தின் 72 கவுண்டிகளுக்கும் வருஷாவருஷம் போய், மக்கள் சொல்வதைக் கேட்டு, பதில் சொல்லிவந்தவர் அவர். விளம்பரம் வருவதற்கு முன்பே விளக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

எனவே விழிப்பு ஒன்றல்ல, இரண்டு. 'நம்ம ஆளு எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாரு?' என்பதோடு நிற்கும் விழிப்பைப் பயம் எளிதில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். 'எதுக்கு எதிரா, ஏன்?' என்று கேட்கும் விழிப்பே பிரதிநிதிக்கு முதுகெலும்பைத் தரும்.