உப்பின் அளவும் உயிரணுவின் வாசலும்

சாயத்தொட்டியில் உப்பு

திருப்பூரில் உப்பைச் சமையற்கட்டுப் பொருளாக மாத்திரம் அறிந்தவர் எவரும் இரார். பனியன் துணிக்குச் சாயமேற்றும்போது, நீரில் நனைந்த பருத்தி இழையும் அந்நீரில் கரைந்த சாயமும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று விலக்கும் சுபாவம் உடையவையாதலால், அவ்விரண்டையும் இணக்கி வைக்கும் பொருட்டு, வெளிர் நிறத்துக்குக் குறைத்தும் அடர் நிறத்துக்குக் கூட்டியும், லிட்டருக்கு 40 கிராம், 80 கிராம் என்ற கணக்கில் உப்பைச் சேர்க்கிறார்கள். டையிங் மாஸ்டர் அதைத் தராசில் நிறுத்தே போடுவார். அளவு பிசகினால் நிறம் ஏறாது, ஏறினாலும் திட்டுத்திட்டாய் விழும் என்பது அவருக்கு அனுபவ பாடம்.

உப்பின் அளவில் இத்தனை கண்டிப்பாக இருக்கும் ஊரில், குழந்தைக்குப் பேதி கண்ட நாளில் மட்டும் உப்புக் கரைசலைக் கண்ணளவில் கலந்து கொடுக்கிறார்களே என்ற வருத்தமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நொய்யல் கரைத் தென்னை

சாயத்தொட்டியில் போட்ட உப்பு துணியில் தங்குவதில்லை. காரியம் முடிந்ததும் அலசும் நீரோடு வெளியேறிவிடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலில் அந்நீர் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்ததன் பயனாக, பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அதன் கீழிருந்த நிலங்கள் உப்பேறிப் பாழாயின. காலடியில் ஈரம் இருந்தும் பயிரும் மரமும் வாடிய அந்தக் காட்சியில் உடற்கூற்றின் ஆதாரமான விதி ஒன்று கண்முன் நிற்கிறது.

உயிரணு ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கும் குறைவான கனமே உடைய அந்தச் சவ்வு, இரண்டு அடுக்குக் கொழுப்பினால் ஆனது. நீர் அதனூடே போய் வரும். உப்பு தானாகப் போக இயலாது. ஆகவே எப்பக்கம் உப்பு மிகுதியோ அப்பக்கம் நீர் ஈர்க்கப்படுகிறது. வேரின் உயிரணுவுக்குள் இருப்பதைவிட மண்ணில் உப்பு மிகுந்தால், வேர் நீரைக் குடிப்பதற்கு மாறாக, தன்னிடம் உள்ளதையும் மண்ணுக்குப் பறிகொடுக்கும் நிலை வந்துவிடுகிறது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின்னர், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்குத் திருப்பூர் மாறியது. சுத்திகரிப்பு நிலையங்களில் இன்று ஓடும் ஆர்.ஓ. இயந்திரம், மேற்சொன்ன இயற்கை விதியை அழுத்தத்தின் பலத்தால் தலைகீழாக்கி, உப்பு நீரிலிருந்து நன்னீரைச் சவ்வின் வழியே பிழிந்தெடுப்பதாகும். அதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதைப் பட்டறைக்காரர்கள் நன்கு அறிவார்கள்.

விழுங்கும் அணுக்கள்

உயிரணுவுக்குள் பொருள்கள் நுழையும் வழிகளில் நீர் கசிவது ஒன்று, விழுங்குவது மற்றொன்று. 1882-ல் மெஸ்ஸினா நகரில் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ஒரு முள்ளைச் செருகிப் பார்த்தபோது, அதைச் சுற்றி அணுக்கள் திரண்டு நிற்கக் கண்டார். அந்நியப் பொருளைச் சவ்வினால் அணைத்து மூடி உள்ளே இழுத்துக்கொள்ளும் அத்தகைய அணுக்கள் நம் நுரையீரலிலும் காவல் புரிகின்றன. பஞ்சாலையின் கார்டிங் பகுதியில் பறக்கும் நுண்ணிய தூசியோடு, பஞ்சில் ஒட்டிய பாக்டீரியாக்களின் நச்சும் உள்ளே போக, அதை எதிர்கொள்ளும் அணுக்கள் அழற்சி தரும் பொருள்களைச் சுரக்கின்றன. விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியவுடன் மார்பு இறுகுவது இத்தூசியால் வரும் நுரையீரல் நோயின் ஆரம்ப அடையாளம். அதை அலட்சியம் செய்யாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனிகளில் கம்ப்ரசர் காற்றினால் மெஷினை ஊதித் துடைக்கும் பழக்கத்தையும் விட்டொழிப்பது நலம். படிந்து கிடந்த தூசியை மூக்குக்கு நேரே எழுப்பிவிடுவதன்றி அது வேறு செய்வதில்லை.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழையும் வாசல்

மூன்றாவது வழியே நம் விஷயத்துக்கு ஜீவநாடி. சிறுகுடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களின் சவ்வில், புரதத்தால் ஆன விசேஷ வாசல்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, உப்பில் அடங்கிய சோடியம் இரண்டும் சர்க்கரையின் குளுக்கோஸ் ஒன்றும் சேர்ந்து வந்தாலன்றித் திறப்பதில்லை. சேர்ந்து வந்துவிட்டாலோ, அவற்றை உள்ளே விடுவதோடு நீரையும் பின்னாலேயே வரவழைத்துக்கொள்கிறது. உள்ளே வந்த சோடியம் அங்கேயே குவிந்துவிடாதபடி, அணுவின் மறுபுறத்தில் ஒரு பம்பு ஓயாமல் இயங்கி, மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே வாங்குகிறது. உப்பும் சர்க்கரையும் கூட்டாகப் பிரயாணம் செய்யும் இந்த ஏற்பாட்டை 1960-ல் பிராகா நகரத்தில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி முதன்முதலாக விளக்கினார்.

காலராவில் குடல் வெள்ளமாய் நீரைக் கொட்டுகிறது. எனினும் இந்த ஒரு வாசல் மட்டும் பழுதுபடாமல் வேலை செய்கிறது. இதைவிட ஆச்சரியமான கருணையை நான் உடற்கூற்று நூல்களில் படித்ததில்லை. 1971-ல் கிழக்கு வங்கப் போரினால் அகதிகள் குவிந்திருந்த பங்காவ் முகாமில், சிரை வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருக்க, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் என்ற வங்க மருத்துவர், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸும் 3.5 கிராம் உப்பும் 2.5 கிராம் சமையல் சோடாவும் கரைத்துப் பீப்பாய்களில் வைத்து, நோயாளியின் வீட்டாரையே ஊட்டச் செய்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு, 4-க்கும் கீழே இறங்கிற்று. அவர் 2022-ல் காலமானார்; மறு ஆண்டு நாடு அவருக்குப் பத்ம விபூஷண் அளித்தது.

வியர்வையும் தண்ணீர் பாட்டிலும்

கோடையில் அயர்னிங் மேசையின் முன் ஆவியில் நிற்பவருக்கு வியர்வையோடு உப்பும் போகிறது. அவருக்கு அடிக்கடி தண்ணீரும், இடையிடையே உப்பிட்ட நீர்மோரும் தேவை. இரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் மாத்திரம் உப்பைப் பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்கள், எழுந்து போனால் கூலி குறையுமே என்று தண்ணீரே குடியாமல் பொழுதைக் கழிப்பதைப் பார்த்திருக்கிறேன். காலையில் நிரப்பிய பாட்டில் சாயங்காலம் வரை ஓவர்லாக் மெஷினுக்கு அடியில் அப்படியே இருக்கும். சிறுநீர்ப்பாதைத் தொற்று அவர்களை விடாமல் தொடர்வதில் வியப்பில்லை. சுத்தமான கழிப்பறையும், போய்வரும் சுதந்திரமும் கொடுக்க வேண்டியது கம்பெனியின் கடமை.

ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்

எங்கள் லைன் வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன் ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பேதி. தாய் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வாங்கிவந்து, முழுவதையும் ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள். ஏனம்மா இப்படி என்றேன். "கெட்டியாக் குடுத்தாச் சத்து சீக்கிரம் ஏறும்னு நெனச்சேனுங்க" என்றாள். அவள் மேல் தவறில்லை; சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. ஆனால் ஒரு லிட்டருக்கு உரிய உப்பையும் சர்க்கரையையும் ஒரு டம்ளரில் அடக்கினால், நொய்யல் கரை மண் வேருக்குச் செய்ததையே அந்தக் கரைசல் குழந்தையின் குடலுக்குச் செய்யும்; உடம்பிலிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துப் பேதியை வளர்க்கும்; இரத்தத்தில் உப்பு ஏறி மூளையையும் தாக்கக்கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்திய கலவையில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் சேர்ந்து மொத்தம் 20.5 கிராம். கடைகளில் 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கிடைப்பதால், பொட்டலத்தின் மேல் அச்சிட்ட அளவைப் படித்த பிறகே நீரை எடுக்க வேண்டும். பொட்டலம் கிட்டாத நேரத்தில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கலந்ததை ஒரு நாளைக்கு மேல் வைக்கலாகாது. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிந்து, குடிக்க மாட்டாமல் சோர்ந்து கிடந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், வீட்டு வைத்தியத்தில் ஒரு நொடியும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கலர் சோடாவும் டப்பாவில் அடைத்த பழ பானமும் இதற்கு மாற்றல்ல. அவற்றில் சர்க்கரை மிகுதி, உப்போ சொற்பம்.

அன்று அந்த டம்ளரைக் கீழே கொட்டிவிட்டு, வேறு பொட்டலம் வாங்கி வரச் செய்தோம். குழந்தையின் தகப்பன் ஒரு கட்டிங் மாஸ்டர். லிட்டர் பாட்டில் தண்ணீரை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, நீர் நின்ற மட்டத்துக்கு நேரே வெளிப்புறத்தில், துணியில் அளவு குறிக்கும் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தான். சாக்கட்டிக் கோடு கழுவினால் போய்விடும் என்று பிறகு தோன்றியிருக்க வேண்டும். அடுத்த வாரம் பார்த்தபோது அதே இடத்தில் ஆணியால் கீறிய ஒரு கோடு இருந்தது.